பேரிக்காய் ராஜாவும் கல்லச்சு ஓவியரும்

(பி.ஏ. வரலாறு, 1984–87 அணி)

மலர்க் குழு நண்பர்கள் இந்த முறை ஆளுக்கொரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். காந்தி, காமராஜர், கலாம் மூவரையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நான் எழுத ஆசைப்பட்டவர் அந்த வரிசையிலேயே வராத ஆள். பதவி வகிக்கவில்லை, கட்சி நடத்தவில்லை, கோட்டை கொத்தளம் எதையும் பிடிக்கவில்லை. படம் போட்டே ஒரு ராஜாவின் சர்க்காரைக் கோர்ட்டுக்கும் கடைவீதிக்கும் அலைய வைத்தவர். பிரான்ஸ் நாட்டு ஓனோரே டோமியே.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தைப் பார்த்து நாங்கள் டாமியர் என்றுதான் படித்துக்கொண்டிருந்தோம். பாண்டிச்சேரியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த நண்பன்தான் டோமியே என்று திருத்தினான். அந்த நன்றிக்காகவே அப்படியே எழுதுகிறேன்.

ஐரோப்பிய வரலாறு பேப்பரில் 1830 ஜூலைப் புரட்சி எங்களுக்கு ஐந்து மார்க் கேள்வி. பத்தாம் சார்லஸ் போனார், லூயி பிலிப் வந்தார், காரணங்கள் நான்கு, விளைவுகள் மூன்று. அவ்வளவுதான். அந்த விளைவுகளில் ஒரு பேரிக்காயும் உண்டு என்பது பாடப் புத்தகத்தில் இல்லை. நூலகத்தில் பூட்டியே கிடந்த ஓவியப் புத்தக அலமாரியைத் திறக்க வைத்த பிறகுதான் அந்தச் சமாச்சாரம் எனக்குத் தெரிந்தது.

டோமியே பிறந்தது தெற்கே மார்செய் துறைமுகத்தில், 1808 பிப்ரவரி 26ஆம் தேதி. அப்பா ஜன்னலுக்கும் படத்துக்கும் கண்ணாடி போடுகிற தொழிலாளி. மனிதருக்குக் கவிதைப் பித்து. கவிஞராகப் பேர் வாங்கியே தீருவேன் என்று தொழிலை விட்டுவிட்டுப் பாரிஸுக்குப் போனார். குடும்பம் 1816இல் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. கவிதை சோறு போடுமா? பையன் சின்ன வயதிலேயே வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. முதலில் கோர்ட் அமீனா ஒருவரிடம் எடுபிடி. பிறகு பாலே ரோயால் கடைவீதியில் ஒரு புத்தகக் கடையில் குமாஸ்தா. ஜப்தி நோட்டீஸைக் கண்டு அழுகிற ஏழையையும், கறுப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிடுக்காக நடக்கிற வக்கீலையும் அந்த வயதிலேயே கண்ணால் பார்த்துவிட்டான். பிற்காலத்தில் அவர் வரைந்த வக்கீல், ஜட்ஜ் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அமீனா வேலை எவ்வளவு பெரிய படிப்பு என்று புரியும்.

ஓவியம் முறையாகக் கொஞ்சம் கற்றுக்கொண்டார். சோறு போட்டது ஓவியம் அல்ல, கல்லச்சு. அந்தக் காலத்தில் அது புதுத் தொழில். சிவகாசிப் பக்கத்து நண்பர்களுக்கு லித்தோ என்றால் உடனே புரிந்துவிடும். வழவழப்பாக இழைத்த சுண்ணாம்புக் கல்மேல் கொழுப்புச் சேர்ந்த கறுப்புக் கட்டியால் நேரடியாக வரைய வேண்டியது. கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், கோடு உள்ள இடம் மட்டும் மையை வாங்கிக்கொள்ளும். மேலே தாளை வைத்து அழுத்தினால் படம் ரெடி. மரத்திலோ செம்பிலோ நாள் கணக்கில் செதுக்க வேண்டியதை இதில் ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம். சபையில் மந்திரி ஒருவர் உளறினால் வாரம் திரும்புவதற்குள் அவர் முகம் கடை ஜன்னலில் தொங்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனும் ஜன்னல் முன்னால் நின்று சிரிப்பான். சர்க்காருக்கு வயிற்றைக் கலக்கியது இந்தக் கடைசி விஷயம்தான்.

இனி அந்த 1830க்கு வருவோம். பத்தாம் சார்லஸ் பத்திரிகைகளின் வாயைக் கட்ட ஆணை போட்டார். பாரிஸில் மூன்று நாள் தெருச்சண்டை. அரசர் நாட்டை விட்டு ஓடினார். வந்தார் லூயி பிலிப். பிரான்சின் அரசர் என்று பட்டம் வேண்டாம், பிரெஞ்சுக்காரர்களின் அரசர் என்றால் போதும் என்றார்கள். குடையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பார், போகிற வருகிறவனுக்குக் கை கொடுப்பார். புதிய அரசியல் சாசனம் தணிக்கை முறை இனி ஒருநாளும் திரும்பாது என்று எழுத்திலேயே வாக்குக் கொடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாருங்கள், மூன்று கோடிக்கு மேல் ஜனங்கள் இருந்த நாட்டில் ஓட்டுரிமை வந்தது சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மட்டும்தான். எல்லாம் சொத்துக்காரர்கள். தெருவில் செத்தவர்களுக்கு ஓட்டு இல்லை.

இந்த நேரத்தில்தான் ஷார்ல் பிலிபோன் என்றொருவர் லா காரிக்கத்தூர் என்ற கேலிச்சித்திர வார இதழை 1830 நவம்பரில் தொடங்கினார். (அரசர் பிலிப், ஆசிரியர் பிலிபோன். பெயர் ஒற்றுமை தற்செயல்தான்.) 1832 டிசம்பரில் லு ஷாரிவாரி என்று ஒரு நாளிதழையும் தொடங்கினார். நாளொன்றுக்கு ஒரு புதுப் படம்! ஷாரிவாரி என்றால் பிடிக்காதவன் வீட்டு வாசலில் ஊரே திரண்டு தட்டு முட்டுச் சாமான்களைத் தட்டிக் கூச்சல் போடுவது. தகரம் தட்டி மானத்தை வாங்குவது என்று நம்மூரில் சொன்னால் சரியாக இருக்கும். பிலிபோன் தானும் ஓவியர். அதைவிட முக்கியம், யாருக்கு என்ன வரும் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர். இருபத்திரண்டு வயது டோமியேவை அவர்தான் தூக்கிவிட்டார்.

இப்போது பேரிக்காய். லூயி பிலிப்புக்கு நெற்றி குறுகல், கன்னம் இரண்டும் தொங்கல். தலைமுடியை உச்சியில் குவித்து வாரியிருப்பார். மொத்தத்தில் காம்போடு நிமிர்த்தி வைத்த பேரிக்காய். பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் பேரிக்காய் என்றால் ஏமாளி. நம்மூர் மாங்கா மடையன் மாதிரி. 1831 நவம்பரில் அரசரை அவமதித்ததாகப் பிலிபோன் கூண்டில் ஏற்றப்பட்டார். அவர் நான்கு படம் போட்டுக் காட்டினார். முதல் படம் அச்சு அசலாக அரசர். இரண்டாவதில் முகம் கொஞ்சம் உப்பியது. மூன்றாவதில் காம்பும் இலையும் எட்டிப் பார்த்தன. நான்காவது வெறும் பேரிக்காய். முதல் படம் குற்றம் என்றால் அதைப் போலிருக்கும் இரண்டாவதும் குற்றம், அப்படியே போய் நான்காவதும் குற்றம், ஆகவே நாட்டில் காய்க்கிற பேரிக்காயையெல்லாம் ஜெயிலில் போட வேண்டுமே என்பது அவர் வாதம். கோர்ட் அசையவில்லை. ஆறு மாதச் சிறை, 2,000 ஃபிராங்க் அபராதம். ஆனால் படம் ஜெயித்துவிட்டது. பாரிஸில் சுவர் கிடைத்த இடமெல்லாம் பொடியன்கள் கரியால் பேரிக்காய் வரைய ஆரம்பித்தார்கள். டோமியே உட்பட அந்தக் கூட்டத்து ஓவியர் எல்லோரும் அதை விதவிதமாக வரைந்தார்கள். இன்னொரு வழக்கில் வந்த தீர்ப்பைக் கட்டாயம் பிரசுரிக்க வேண்டும் என்றபோது, 1834 பிப்ரவரியில் ஷாரிவாரி அந்தத் தீர்ப்பு வாசகத்தையே பேரிக்காய் வடிவத்தில் அச்சுக்கோத்து முதல் பக்கத்தில் போட்டது. கையில் ஸ்டிக் வைத்து எழுத்துக் கோத்த அந்தக் கம்பாசிட்டர் யாரோ, அவருக்கு ஒரு சலாம். இன்றைக்கு மீம்ஸ் போடுகிற தம்பி தங்கைகளே, உங்கள் பாட்டன் முப்பாட்டன் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள்.

பேரிக்காய் விளையாட்டாக இருந்தது. டோமியே 1831 டிசம்பரில் போட்டது விளையாட்டே அல்ல. அரசரின் ஆண்டுச் செலவுக்கு ஒரு கோடி ஃபிராங்குக்கு மேல் ஒதுக்கச் சபையில் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பழைய பிரெஞ்சு எழுத்தாளர் ரபெலே படைத்த கார்கான்துவா என்ற பெருந்தீனி அரக்கனின் பெயரை டோமியே எடுத்துக்கொண்டார். படத்தில் பேரிக்காய்த் தலை ராட்சசன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். தரையிலிருந்து அவன் வாய்க்கு ஒரு சாய்பலகை. கீழே கந்தல் உடுத்திய ஏழைகள் கடைசிக் காசையும் கூடையில் போடுகிறார்கள். குட்டிக் குட்டி ஆட்கள் அந்தக் கூடைகளைப் பலகையில் சுமந்து போய் ராட்சசன் வாயில் கொட்டுகிறார்கள். நாற்காலி என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன், அது வேறு காரியத்துக்கான நாற்காலி. அடியிலிருந்து விழுவதெல்லாம் பட்டங்கள், பதக்கங்கள், பதவி ஆணைகள். அதைப் பொறுக்க கோட்டுப் போட்ட கனவான்கள் முண்டியடிக்கிறார்கள்.

பிலிபோனின் மைத்துனர் ஓபேரின் கடை ஜன்னலில் படம் தொங்கியது. போலீஸ் வந்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது. கல்லையும் அழிக்க உத்தரவு. வரைந்தவர், அச்சடித்தவர், வெளியிட்டவர் மூன்று பேர் மேலும் வழக்கு. 1832 பிப்ரவரியில் டோமியேவுக்கு ஆறு மாதச் சிறை, 500 ஃபிராங்க் அபராதம். தண்டனை உடனே நிறைவேறவில்லை. இனிமேலாவது பையன் அடங்குவான் என்று நினைத்தார்களோ என்னவோ. அடங்கவில்லை. மறுபடியும் அரசரையும் அவரது பரிவாரத்தையும் கேலி செய்து படம் போட்டார். ஆகஸ்ட் மாதம் அப்பா அம்மா கண் முன்னாலேயே கைது செய்து சேன்ட் பெலாஜி சிறைக்குக் கொண்டு போனார்கள். அந்த வீட்டில் சம்பாதித்துப் போட்டது அந்த ஒரு பிள்ளைதான். வீரம் என்று நாம் எழுதிவிடுகிறோம். அந்த ஆறு மாதம் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிட்டது என்ற கணக்கையும் சேர்த்துத்தான் அதை நினைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தண்டனையின் பிற்பகுதியை ஒரு மனநோய் மருத்துவமனையில் கழித்தார். அங்கேயும் வரைந்தார். 1833 தொடக்கத்தில் வெளியே வந்தபோது வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை.

இந்த இடத்தில் எங்கள் அணிக்காரர்களுக்கு 1987 ஏப்ரல் ஞாபகம் வராமல் இருக்காது. சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாங்கள் இறுதியாண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். மெஸ்ஸில் அன்றைக்கு வேறு பேச்சே கிடையாது. எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே அவர் விடுதலையானார். 1994இல் உயர் நீதிமன்றம் அந்தக் கைது செல்லாது என்று சொல்லி ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஐந்து மார்க் கேள்வியாக இருந்த 1832 எனக்கு உயிரோடு எழுந்து நின்றது அந்த வாரத்தில்தான்.

டோமியேவுக்குத் திரும்புவோம். சிறையிலிருந்து வந்தவர் சபை உறுப்பினர்களைக் குறிவைத்தார். சபைக்குப் போவார், பார்ப்பார், வந்து நினைவிலிருந்தே களிமண்ணில் தலையைப் பிடித்து வைப்பார். உள்ளங்கையளவுக்குச் சற்றுப் பெரிய பொம்மைகள். ஒருவருக்கு மூக்கு மட்டும், இன்னொருவருக்கு உதடு மட்டும், வேறொருவருக்குத் தூக்கம் மட்டும். அந்தப் பொம்மைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லில் வரைவார். அதனால்தான் அவர் முகங்கள் தட்டையாக இல்லாமல் தாளிலிருந்து புடைத்துக்கொண்டு வருகின்றன.

வழக்குக்கு மேல் வழக்கு. அபராதத்துக்குப் பணம்? பிலிபோன் ஒரு யோசனை செய்தார். மாதம் ஒரு ஃபிராங்க் சந்தா. கட்டுகிறவர்களுக்கு மாதம் ஒரு பெரிய கல்லச்சுப் படம். வருகிற பணம் அபராத நிதிக்கு. ஒரு தனி மனிதனின் துணிச்சலை நம்பி மட்டும் கேலி நிற்காது, அதற்குப் பின்னால் சந்தா கட்டுகிற நாலு பேர் வேண்டும் என்பது பிலிபோனுக்குத் தெரிந்திருந்தது. மொத்தம் 24 படங்கள் வந்தன. டோமியேவின் மிகச் சிறந்த வேலைகள் இந்த வரிசையில்தான். ஒன்று, சட்டசபைத் தொப்பை. வரிசை வரிசையாக வளைந்த பெஞ்சுகளில் மந்திரிகளும் உறுப்பினர்களும் தொப்பையோடு சாய்ந்து கிடக்கிறார்கள். ஒருவர் தும்முகிறார், ஒருவர் தூங்குகிறார். மற்றொன்றில் அச்சகத் தொழிலாளி ஒருவன் தலையில் காகிதக் குல்லாயோடு முஷ்டியை இறுக்கிக்கொண்டு நடுவில் நிற்கிறான். அவன் காலடியில் பத்திரிகைச் சுதந்திரம் என்று எழுதியிருக்கிறது. பின்னணியில் ஒரு பக்கம் பழைய அரசர் சார்லஸ் விழுந்து கிடக்கிறார், மறு பக்கம் லூயி பிலிப் குடையை ஓங்கிக்கொண்டு வருகிறார்.

அந்த வரிசையின் கடைசிப் படம்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம். 1834 ஏப்ரலில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்து பாரிஸிலும் தடுப்பரண்கள் எழுந்தன. ட்ரான்ஸ்னோனேன் தெருவில் 12ஆம் எண் வீட்டிலிருந்து யாரோ சுட்டதாக நினைத்த பட்டாளம் விடிகிற நேரத்தில் உள்ளே புகுந்தது. தூக்கத்திலிருந்து எழுந்தவர்களை மாடி மாடியாகக் கொன்றது. ஏறத்தாழ ஒரு டஜன் பேர். டோமியே அதை வரைந்தார். அரசர் அதில் இல்லை. மந்திரி இல்லை. சிப்பாய்கூட இல்லை. பேரிக்காய் இல்லவே இல்லை. ஒரு படுக்கையறை. கலைந்த கட்டில். இரவுச் சட்டையோடு ஒரு ஆள் தரையில் கட்டிலோரமாகச் சரிந்து கிடக்கிறார். அவருக்கு அடியில் நசுங்கி ஒரு குழந்தை, மண்டையில் ரத்தம். இருட்டில் ஒரு பெண். ஓரத்தில் ஒரு கிழவரின் தலை மட்டும் தெரிகிறது. கவிழ்ந்த நாற்காலி ஒன்று. அவ்வளவுதான் படம். தலைப்பு தெருவின் பெயரும் தேதியும் மட்டும்.

நாட்டிலேயே பெரிய கேலிக்காரர் அன்றைக்குக் கேலி செய்ய மறுத்தார். அவர் நினைத்திருந்தால் ராட்சசன் குழந்தைகளைத் தின்பதாகப் போட்டிருக்கலாம், ஜனங்கள் வெடித்துக் கைதட்டியிருப்பார்கள். போடவில்லை. ஓபேர் கடை ஜன்னல் முன்னால் கூட்டம் நின்றது. போலீஸ் கையில் கிடைத்த பிரதிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. என்னைக் கேட்டால், மூன்று வருஷம் தொப்பைகளையும் மூக்குகளையும் வரைந்த கைக்குத்தான் அந்த அறையை வரைய முடிந்தது. இதை வாசகர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. எங்கள் அணியில் ஓவியம் பயின்ற நண்பர் ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கார்கான்துவாதான் உசத்தி.

1835 ஜூலையில் ஃபியெஸ்கி என்பவன் இருபத்தைந்து துப்பாக்கிக் குழல்களை ஒன்றாகக் கட்டி அரசர் ஊர்வலத்தைச் சுட்டான். அரசர் தப்பினார், பதினெட்டுப் பேர் செத்தார்கள். சர்க்கார் காத்திருந்த சாக்கு கிடைத்துவிட்டது. செப்டம்பர் சட்டங்கள் வந்தன. இனிமேல் எந்தப் படமும் முன் அனுமதி இல்லாமல் வெளிவரக் கூடாது. சாசனம் தணிக்கை வராது என்றதே என்று கேட்டால், அது எழுத்துக்கு, எழுத்து கருத்து, படம் கருத்தல்ல, செயல் என்று பதில். சொன்னவர் நீதி அமைச்சர் பெர்சீல். டோமியேவின் களிமண்ணில் அடிபட்டவர்களில் அவரும் ஒருவர்! லா காரிக்கத்தூர் அதற்கு முன்பே ஆகஸ்டில் கடையைக் கட்டிவிட்டது.

ஆனால் ஷாரிவாரி பிழைத்தது. அரசரைத் தொடக் கூடாது, சரி. டோமியே ஊரைத் தொட்டார். மேடை நாடகத்தில் பிரபலமாயிருந்த ரோபேர் மக்கேர் என்ற அயோக்கியப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு 1836 முதல் 1838 வரை நூறு படங்கள். படத்தின் கீழே வரும் பேச்சு பிலிபோன் எழுதியது. மக்கேர் ஒரு படத்தில் கம்பெனி தொடங்கி ஷேர் விற்பான், அடுத்ததில் வக்கீல், அதற்கடுத்ததில் வைத்தியன், பத்திரிகைக்காரன், கல்யாணத் தரகன். தொண்ணூறுகளில் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி போர்டு தொங்கியதையும், ஒரு நாள் காலையில் பூட்டுத் தொங்கியதையும் பார்த்தவர்களுக்கு மக்கேரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அரசர் படமே இல்லாமல் அரசரின் ஆட்சி முழுவதும் அதில் இருந்தது. தணிக்கைக்காரர் எதை வெட்டுவார்?

அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. 1844இல் எழுதப் படிக்கக் கிளம்பிய பெண்களைக் கிண்டல் செய்து ஒரு வரிசை போட்டார். குழந்தை தொட்டியில் தலைகுப்புற, அம்மா கையில் பேனா என்கிற தினுசு. பலசாலியைக் கிண்டல் செய்ய எவ்வளவோ துணிச்சல் வேண்டும். இதற்கு என்ன வேண்டும்? நம் மாணவியர் படித்துவிட்டு அவரைத் திட்டினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

1846இல் தையல் வேலை செய்த மரி அலெக்சாந்திரீன் தாசியை மணந்தார். 1848 பிப்ரவரியில் மறுபடியும் புரட்சி. லூயி பிலிப் முடியைத் துறந்து இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். பேரிக்காய் அவரைக் கவிழ்த்துவிட்டது என்று சிலர் எழுதுவது அதிகப்படி. கேலிக்கு நடுவிலேயே மனிதர் பதினேழரை வருஷம் ஆண்டார். விளைச்சல் பொய்த்ததும், ரொட்டி விலை ஏறியதும், ஓட்டுரிமையை விரிக்க மறுத்ததும்தான் கவிழ்த்தன. டோமியே அப்போது போட்ட படத்தில் தெருப்பையன் ஒருவன் அரண்மனைச் சிம்மாசனத்தில் குதித்து உட்கார்ந்து அதன் மெத்தையைச் சோதித்துப் பார்க்கிறான்.

குடியரசு வந்தது, தங்கவில்லை. நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியன் ஜனாதிபதியாகி, பேரரசனாக ஆசைப்பட்டார். அவருக்காகத் தெருவில் ஆள் பிடிக்கிற, மிரட்டுகிற, வாழ்க கோஷம் போடுகிற ரவுடிக் கூட்டத்தை டோமியே ஒரே உருவத்தில் பிடித்தார். பெயர் ரத்தாபுவால். நசுங்கிய தொப்பி, கூர் மீசை, தொளதொளக் கோட்டு, முதுகுக்குப் பின்னால் தடி. படமாகவும் போட்டார், ஒன்றரை அடி உயரச் சிலையாகவும் செய்தார். தலைவரை விட்டுத் தொண்டரைக் கிண்டல் செய்வது ஆபத்து அதிகம். தலைவர் கேஸ் போடுவார், தொண்டர் வீட்டுக்கே வந்துவிடுவார். 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதும் போலீஸ் கண்ணில் படாமல் அந்தச் சிலையை வைக்கோலில் சுற்றி இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றியவர் தாசி அம்மையார். வெண்கலத்தில் வார்த்தது டோமியே செத்த பிறகு. அந்த அம்மாள் இல்லாவிட்டால் வார்ப்பதற்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இதற்குள் ஷாரிவாரியின் புகழ் கடல் தாண்டிவிட்டது. 1841இல் லண்டனில் பிறந்த பஞ்ச் இதழ் தன்னை லண்டன் ஷாரிவாரி என்றே தலைப்பில் சொல்லிக்கொண்டது. பஞ்ச்சைப் பார்த்து இந்தியாவில் பல ஊர்களில் பஞ்ச்கள் கிளம்பின. தமிழில் 1906இல் பாரதியாரின் இந்தியா வார இதழ் அரசியல் கேலிச்சித்திரங்களைப் போட ஆரம்பித்தது. 1908இல் பதிவேட்டில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதியார் போய்ச் சேர்ந்த இடம் பிரெஞ்சுப் பாண்டிச்சேரி. பத்திரிகையும் அங்கே போனது.

டோமியேவின் பிற்காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுத மனசு வரவில்லை. மொத்தம் நாலாயிரம் கல்லச்சுப் படங்கள் வரைந்தவரை 1860இல் ஷாரிவாரியே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. ஜனங்களுக்குச் சலித்துவிட்டதாம். மூன்று வருஷம் கழித்துத் திரும்ப அழைத்தார்கள். அந்த இடைவெளியில் வண்ணத்தில் வரைந்தார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாயும் கூடையோடு உட்கார்ந்திருக்கும் கிழவியும் அப்போது வந்தவர்கள். இன்றைக்கு உலக அருங்காட்சியகங்கள் போற்றும் அந்த ஓவியங்களை அன்றைக்குச் சீந்துவார் இல்லை. 1870இல் லூயி நெப்போலியன் சர்க்கார் பெரிய விருது கொடுக்க முன்வந்தது. வாழ்நாள் முழுக்க பதக்கம் விழுகிற இடத்தை வரைந்தவர் அல்லவா, வேண்டாம் என்றுவிட்டார். சத்தம் போடாமல், அறிக்கை விடாமல் மறுத்தார்.

கண் பார்வை மங்கியது. 1872க்குப் பிறகு கல்லில் வரைய முடியவில்லை. வால்மோந்துவா என்ற கிராமத்தில் வாடகைக்கு இருந்த வீடு நண்பர் கோரோவின் உதவியால் தங்கியது. கோரோ பெரிய இயற்கைக் காட்சி ஓவியர். 1878இல் நண்பர்கள் பாரிஸில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். விக்டர் ஹ்யூகோ கௌரவத் தலைவர். செலவுக்குக்கூட வசூல் வரவில்லை. 1879 பிப்ரவரியில் டோமியே இறந்தார். அடக்கச் செலவைச் சர்க்கார் ஏற்றது. அடுத்த ஆண்டு உடலைப் பாரிஸுக்குக் கொண்டுவந்து பேர் லாஷேஸ் கல்லறையில், கோரோவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ட்ரான்ஸ்னோனேன் தெரு அதற்கு வெகு முன்பே, 1851இல், பக்கத்து போபூர் தெருவோடு சேர்க்கப்பட்டுவிட்டது. 

பாரிஸ் பக்கம் வேலையாகப் போகிற நம் கல்லூரி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர்சே அருங்காட்சியகத்தில் எல்லோரும் நேராக வான்கோவைப் பார்க்க ஓடுவார்கள். கொஞ்சம் நின்று டோமியேவின் களிமண் தலைகளைத் தேடிப் பாருங்கள். முப்பத்தாறு இருக்கின்றன. சூளையில் சுடாத பச்சை மண், மேலே வண்ணம் பூசியது. எத்தனையோ இடத்தில் வெடிப்பு. அந்தக் கனவான்கள் ஒவ்வொருவருக்கும் கீழே பெயர் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள்.